மல மாதிரி கேட்டால் மறுக்காதீர்கள்

 

சென்ற மழைக்காலத்தில் நம் மக்தபில் ஓதும் ஏழு வயதுப் பையன் ஒருவனுக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. மூன்றாம் நாள் பஜ்ருக்கு எழுந்த வாப்பா, பிள்ளை வலது காலை ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பதறிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். மறுநாள் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு அம்மா ஐஸ் பெட்டியோடு வந்தார். "பிள்ளையின் மலம் கொஞ்சம் வேண்டும், இரண்டு தடவை வேண்டும்" என்று கேட்டார்.

வீட்டில் மறுத்துவிட்டார்கள். "வியாதி காலில். மலத்தை ஏன் கேட்கிறார்கள்? இத்தனை வீடு இருக்க நம் வீட்டுக்கு ஏன் வந்தார்கள்? போலியோ என்று எழுதிவிட்டால் நாளைக்கு இவன் அக்காவைப் பெண் கேட்டு யார் வருவார்கள்?" என்று நன்னி அழுதிருக்கிறார். என்னிடம் யோசனை கேட்டு வந்தார்கள். நானும், "அவசரப்பட வேண்டாம், ஜும்ஆ முடியட்டும், ஜமாஅத்தில் நாலு பேரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டேன். பேசி முடித்து, அவர்கள் சம்மதித்து, மாதிரி கொடுத்தபோது கால் தளர்ந்து 17 நாட்கள் ஆகியிருந்தன.

அல்ஹம்துலில்லாஹ், பையன் இப்போது நடக்கிறான். ஓடும்போது மட்டும் கால் கொஞ்சம் இழுக்கிறது. ஆனால் அவன் காலைத் தளரவைத்தது எந்தக் கிருமி என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளக்கூடிய நாட்களை என் யோசனையே வீணாக்கிவிட்டது. அதற்குப் பிறகு மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் நான் தெரிந்துகொண்டவற்றை, இன்னொரு குடும்பம் அதே தவறைச் செய்யாமல் இருப்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

ஒரே குடும்பம், பல முகங்கள்

என்டரோவைரஸ் என்பது ஒரு கிருமியின் பெயரல்ல, ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். மனிதர்களைத் தாக்கும் வகைகள் மட்டும் நூற்றுக்கு மேல் உண்டு. நமக்கெல்லாம் தெரிந்த போலியோ இந்தக் குடும்பம்தான். குழந்தைகளுக்குக் கையிலும் காலிலும் வாயிலும் கொப்புளம் வரும் காய்ச்சலும் இதே குடும்பத்தின் வேலைதான். அதற்குக் காரணமான காக்ஸாக்கி வைரஸுக்கு, அது 1948-ல் முதலில் பிரித்தெடுக்கப்பட்டபோது நோயாளிகள் வாழ்ந்த அமெரிக்க ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. எக்கோ என்று இன்னொரு பிரிவு உண்டு. கண்டுபிடித்த காலத்தில் எந்த நோயோடும் சேர்த்துச் சொல்ல முடியாததால் அதற்கு "அனாதை வைரஸ்" என்றே பெயர் வைத்தார்கள்.

இவை தொண்டையிலும் குடலிலும் பெருகுகின்றன. மலம் வழியாக வெளியேறி, கழுவாத கை, தண்ணீர், உணவு, விளையாட்டுச் சாமான் வழியாக அடுத்த குழந்தையின் வாய்க்குப் போகின்றன. சில வகைகள் சளி, எச்சில் வழியாகவும் பரவும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றுமே தெரியாது, அல்லது சாதாரணக் காய்ச்சலோடு போய்விடும். வெகு சிலருக்கு மட்டும் கிருமி குடலைத் தாண்டி மூளைக்கோ, தண்டுவடத்திற்கோ, இருதயத்திற்கோ போகிறது. தண்டுவடத்தில் கை கால்களை அசைக்கும் நரம்புகளைத் தாக்கினால் கால் தளர்கிறது.

வியாதி காலில் இருக்க, மலத்தைக் கேட்பது ஏன் என்ற நன்னியின் கேள்விக்குப் பதில் இதுதான். கிருமி காலில் இல்லை, குடலில் இருக்கிறது. கால் தளர்ந்த முதல் இரண்டு வாரங்களில் மலத்தில் அது ஏராளமாக வெளியேறும். நாள் போகப் போகக் குறைந்துவிடும். எல்லா நேரமும் ஒரே அளவில் வெளியேறாது என்பதால்தான் 24 மணி நேரமாவது இடைவெளி விட்டு இரண்டு தடவை கேட்கிறார்கள்.

கண்ணால் பார்த்தால் தெரியாது

2022 மே மாதத்தில் கேரளாவின் கொல்லம் மாவட்டத்தில் "தக்காளிக் காய்ச்சல்" பரவுகிறது என்று செய்தி வந்தது நினைவிருக்கும். சிவந்த கொப்புளங்களைப் பார்த்து யாரோ வைத்த பெயர். தக்காளி சாப்பிட்டால் வரும் என்று சில வீடுகளில் தக்காளியையே நிறுத்தினார்கள். புது வைரஸ் என்றார்கள் சிலர், டெங்கு, சிக்குன்குனியாவின் பின்விளைவு என்றார்கள் வேறு சிலர். கேரளாவில் விடுமுறையைக் கழித்துவிட்டு பிரிட்டனுக்குத் திரும்பிய ஒரு குடும்பத்தின் இரண்டு குழந்தைகளுக்கு அதே கொப்புளம் வந்தது. அங்கே மாதிரி எடுத்து மரபணுவைப் படித்தபோது, அது காக்ஸாக்கி ஏ16 என்று தெரிந்தது. பல காலமாக அறிந்த, பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும் வகை. பல மாத வதந்திக்கு ஒரு சிறு மாதிரி பதில் சொல்லிவிட்டது.

ஆனால் எப்போதும் நல்ல செய்தியே வரும் என்று சொல்ல முடியாது. அதே கொப்புளக் காய்ச்சலை உண்டாக்கும் என்டரோவைரஸ் ஏ71 என்ற வகை, சில குழந்தைகளின் மூளைத்தண்டைத் தாக்கும். 1998-ல் தைவானில் அது பரவியபோது 78 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சின்னஞ்சிறு குழந்தைகள். 2012-ல் கம்போடியாவில் "மர்ம நோய்" ஒன்றில் ஐம்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். மாதிரிகளை ஆராய்ந்த பிறகுதான் அதில் பெரும்பாலானவற்றில் ஏ71 இருப்பது தெரிந்தது. அந்தக் குழந்தைகள் சிலருக்குக் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டு மருந்து நிலைமையை மோசமாக்கியிருக்கலாம் என்பதும் அப்போதுதான் புரிந்தது. கிருமியின் பெயர் தெரிந்தால்தான் எந்த மருந்தைக் கொடுக்கக்கூடாது என்பதும் தெரியும்.

பழகிய கிருமி புது உருவில் வருவதும் உண்டு. 2022, 2023-ல் பிரான்சில் பிறந்த சில நாட்களே ஆன 9 குழந்தைகளுக்கு எக்கோ 11 வைரஸ் தொற்றி, 7 பேர் இறந்தார்கள். பெயர் பழையதுதான். ஆனால் மரபணுவை முழுவதும் படித்தபோது, அது வேறு என்டரோவைரஸின் பகுதிகளும் கலந்து உருவான புதிய கிளை என்று கண்டார்கள்.

நகல் எழுதுபவரின் பிழை போல

மரபணுவைப் படிப்பது என்றால் என்ன? ஓதியவர்களுக்கு எளிதாகப் புரியும் ஒரு உதாரணம் சொல்கிறேன்.

அச்சு இயந்திரம் வருவதற்கு முன் கிதாபுகளைக் கையால் நகல் எடுத்தார்கள். நகல் எழுதுபவர் ஓரிடத்தில் ஒரு புள்ளியை விட்டுவிட்டால், அவருடைய பிரதியைப் பார்த்து எழுதியவர்கள் எல்லோருடைய பிரதியிலும் அந்தப் பிழை இருக்கும். பிறகு அவர்கள் செய்யும் சொந்தப் பிழைகளும் சேரும். பத்துப் பிரதிகளைப் பக்கத்தில் வைத்துப் பிழைகளை ஒப்பிட்டால், எது எதிலிருந்து வந்தது, எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்லிவிடலாம்.

என்டரோவைரஸும் ஒரு சின்ன கிதாபு மாதிரிதான். ஆர்.என்.ஏ. என்ற பொருளில் நான்கே விதமான எழுத்துகளால், சுமார் 7,500 எழுத்துகள் நீளத்தில் எழுதப்பட்டது. குடலில் பெருகும்போது தன்னைத் தானே நகல் எடுக்கிறது, அவசரத்தில் பிழை விடுகிறது. ஆய்வகத்தில் மாதிரியிலிருந்து கிருமியின் எழுத்துகளைப் பல கோடி மடங்கு பெருக்கி, இயந்திரத்தில் படித்து, உலகெங்கும் சேமித்து வைத்துள்ள வரிசைகளோடு ஒப்பிடுகிறார்கள். கிருமியின் மேல்உறையில் வி.பி.1 என்ற ஒரு பகுதி உண்டு. போலியோவில் அது சுமார் 900 எழுத்து. அதில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில், சுமார் 9 எழுத்துகள் மாறுகின்றன. எத்தனை எழுத்து மாறியிருக்கிறது என்று எண்ணினால், இந்தக் கிருமி எத்தனை காலமாகக் கண்ணில் படாமல் சுற்றிக்கொண்டிருந்தது என்று கணக்குச் சொல்லிவிடலாம்.

காஸாவின் கழிவுநீர் சொன்ன செய்தி

2024 ஜூன் 23 அன்று, குண்டுகள் விழுந்துகொண்டிருந்த காஸாவில் கான் யூனிஸ், தைருல் பலாஹ் ஆகிய இடங்களில் கழிவுநீர் மாதிரிகள் எடுக்கப்பட்டன. ஜூலை 16-ல் முடிவு வந்தது: போலியோ இரண்டாம் வகை இருக்கிறது. அதுவரை ஒரு குழந்தைக்கும் பக்கவாதம் உறுதியாகியிருக்கவில்லை. மரபணுவை ஒப்பிட்டபோது, அது 2023-ன் பிற்பகுதியில் எகிப்தில் கண்ட கிருமிக்கு நெருக்கமானது என்றும், 2023 செப்டம்பரிலேயே, அதாவது போருக்கு முன்பே காஸாவுக்குள் வந்திருக்கலாம் என்றும் தெரிந்தது.

ஆகஸ்டில் அந்த அச்சம் உண்மையானது. தைருல் பலாஹில் 10 மாதக் குழந்தையின் கால் முடங்கியது. போரினால் ஒரு தடுப்பு மருந்தும் கிடைக்காத பிள்ளை. அம்மான் நகர ஆய்வகம் போலியோ என்று உறுதிசெய்தது. காஸாவில் 25 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த முதல் நோயாளி அந்தக் குழந்தை. செப்டம்பர் 1-ல் சொட்டு மருந்து முகாம் தொடங்கியது. அதற்காகப் பகுதி பகுதியாகத் தாக்குதல் நிறுத்தப்பட்டது. இடிந்த வீடுகளிலிருந்தும் கூடாரங்களிலிருந்தும் தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதல் சுற்றிலேயே ஐந்தரை லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் மருந்து பெற்றார்கள். சோற்றுக்கே வழியில்லாத நிலையில் அவர்கள் காட்டிய அக்கறையை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். காஸாவில் கண்டது காட்டுப் போலியோ அல்ல. சொட்டு மருந்தில் உள்ள வலுவிழந்த கிருமி, மருந்து பெறாத பிள்ளைகள் அதிகம் உள்ள இடத்தில் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு நெடுங்காலம் பரவி, எழுத்து மாறி மாறி, இழந்த வலுவைத் திரும்பப் பெற்ற வகை. இதைக் கேட்டு, "அப்படியானால் மருந்தே வேண்டாம்" என்பது தவறு. எல்லாப் பிள்ளைகளும் மருந்து பெற்ற ஊரில் அந்தக் கிருமிக்குப் பரவ வழியே கிடைக்காது. விட்டுப்போன பிள்ளைகள்தான் அதற்கு வழி. காஸாவில் கொடுத்த புதிய சொட்டு மருந்து, எளிதில் எழுத்து மாறாதபடி மரபணுவைத் திருத்தித் தயாரிக்கப்பட்டது.

நம் நாட்டின் பாடம்

2002-ல் இந்தியாவில் 1,600 குழந்தைகள் போலியோவால் பாதிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் உத்தரப் பிரதேசத்தில். அவர்களில் முஸ்லிம் பிள்ளைகள் மக்கள்தொகைப் பங்கைவிட மிக அதிகம். சொட்டு மருந்து குடித்தால் பிள்ளை பிறக்காது என்ற வதந்தி அதற்கு ஒரு முக்கியக் காரணம். பிறகு உலமாக்கள் மிம்பரில் பேசினார்கள், மதரஸாக்கள் கதவைத் திறந்தன, அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமிஆ மில்லியாவும் ஜாமிஆ ஹம்தர்தும் துணை நின்றன. 2011 ஜனவரி 13-ல் ஹவுராவில் கண்டதுதான் நாட்டின் கடைசிக் காட்டுப் போலியோ. 2014 மார்ச் 27-ல் சான்றிதழ் கிடைத்தது.

அதற்கு முன்பு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2010-ல் தஜிகிஸ்தானில் 450-க்கும் அதிகமானோர் போலியோவால் முடங்கினார்கள். கிருமியின் மரபணுவைப் படித்தபோது, அதற்கு மிக நெருக்கமானது உத்தரப் பிரதேசக் கிருமி என்று தெரிந்தது. இங்கே ஒரு தெருவில் விட்டுப்போன பிள்ளைகளின் விலையை, எங்கோ ஒரு முஸ்லிம் நாட்டின் பிள்ளைகள் கொடுத்தார்கள். ஹஜ்ஜுக்குப் போகும் பெரியவர்களுக்கு முகாமில் சொட்டு மருந்து கொடுப்பதும் இந்தக் காரணத்தால்தான். பல நாட்டவர் கூடும் இடத்திலிருந்து கிருமி ஊர் ஊராகப் போய்விடக்கூடாது.

இன்றும் 15 வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளைக்குக் கை கால் திடீரெனத் தளர்ந்தாலும், போலியோ என்ற சந்தேகம் இல்லாவிட்டாலும், மாதிரி எடுத்தே ஆகவேண்டும் என்பது விதி. நம் மாநிலத்தில் சென்னை கிண்டியிலுள்ள கிங் ஆய்வு நிலையம் இந்த வேலையைச் செய்கிறது. மும்பையில் 2001 முதலே கழிவுநீரிலும் போலியோவைத் தேடுகிறார்கள்.

நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

*நம் வீட்டுக்கு மட்டும் ஏன் வருகிறார்கள்?* தளர்ச்சியோடு வரும் எந்தப் பிள்ளையைப் பற்றியும் ஆஸ்பத்திரி தகவல் கொடுக்க வேண்டும். எந்த மதம், எந்தத் தெரு என்று பார்ப்பதில்லை.

*மாதிரி கொடுத்தால் போலியோ என்று முத்திரை விழுமா?* மாதிரி இல்லாவிட்டால்தான் சந்தேகம் நிற்கும். கொடுத்தால், பெரும்பாலும் "போலியோ இல்லை" என்றே பதில் வரும். அந்தக் காகிதம் பிள்ளைக்கு நல்லதுதான்.

*சொட்டு மருந்து எல்லாத் தவணையும் கொடுத்துவிட்டோமே?* சொட்டு மருந்து போலியோவுக்கு மட்டும்தான். காலைத் தளரவைக்கும் வேறு என்டரோவைரஸ்களும் உண்டு. டி68 என்ற வகை சளியில்தான் அதிகம் இருக்கும். அதனால் தொண்டை, மூக்கு மாதிரியும் கேட்கலாம்.

*நம் பரம்பரையை, நம் மரபணுவைப் படிக்கிறார்களா?* இந்தச் சோதனையில் பெருக்கிப் படிப்பது கிருமியின் எழுத்துகளை. சாக்கடை மாதிரியில் ஆயிரக்கணக்கானோருடையது கலந்திருக்கிறது. அதிலிருந்து இன்ன வீடு என்று சொல்லவே முடியாது.

*எவ்வளவு கொடுக்க வேண்டும்?* பெரியவர் கட்டைவிரல் நகம் இரண்டு அளவு போதும். அவர்கள் கொடுக்கும் டப்பாவில் எடுத்து, குளிர்ச்சியாக வைத்து ஒப்படைக்க வேண்டும். தளர்ச்சி தொடங்கி 14 நாட்களுக்குள் இரண்டும் முடிந்துவிட வேண்டும். நாள் தாண்டிவிட்டாலும் கேட்டால் கொடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடமும் கேட்கலாம், அவர்களும் மறுக்க வேண்டாம். 60 நாள் கழித்துப் பிள்ளையைப் பார்க்க மறுபடி வருவார்கள், வீட்டில் இருங்கள்.

வீட்டிலும் மக்தபிலும்

கை, கால், வாயில் கொப்புளம் வந்த பிள்ளையை, காய்ச்சல் விட்டுக் கொப்புளம் காயும்வரை மக்தபுக்கும் பள்ளிக்கும் அனுப்ப வேண்டாம். உஸ்தாதுமார்கள் அந்த நாட்களுக்கு விடுப்புக் கேட்டால் கடிந்துகொள்ள வேண்டாம். ஆன்டிபயாடிக் மாத்திரை இதற்குப் பயன்படாது. ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. நீராகாரம் நிறையக் கொடுங்கள். சில வாரம் கழித்து நகம் உரிந்து விழுந்தால் பயப்படாதீர்கள், புது நகம் முளைத்துவிடும்.

தூக்கத்தில் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு உதறுவது, ஓயாத வாந்தி, எழுப்பினாலும் மயங்கிக் கிடப்பது, தள்ளாடி நடப்பது, மூச்சு வாங்குவது, கை கால் தளர்வது, மூன்று நாளுக்கு மேல் விடாத காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஓதிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. ஆட்டோவில் போகும்போதே ஓதிக்கொண்டு போங்கள்.

கொப்புளம் ஆறிய பிறகும் பல வாரங்கள் மலத்தில் கிருமி இருக்கும். ஆகவே பிள்ளையின் மலத்தைக் கழுவியபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வெறும் தண்ணீர் போதாது. கையில் தடவும் சானிடைசரும் இந்தக் கிருமிகளிடம் சரியாக வேலை செய்யாது. மக்தபில் எல்லாரும் ஒரே குவளையில் வாய்வைத்துக் குடிப்பதையும் ஒரே துண்டில் முகம் துடைப்பதையும் நிறுத்திவிடுவோம். உளூ செய்யும் இடத்திலும் கழிவறை வாசலிலும் சோப்பு வைப்பதற்கு இந்த மாதம் முதல் நம் அறக்கட்டளை ஏற்பாடு செய்திருக்கிறது.

உமர் (ரலி) அவர்கள் ஷாமுக்குப் போகும் வழியில், அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கிறது என்ற செய்தி கிடைத்ததும் தோழர்களிடம் ஆலோசித்துத் திரும்பிவிட்டார்கள் என்பது நாம் அறிந்த வரலாறு. சரியான செய்தி சரியான நேரத்தில் கிடைத்தது, பலர் காப்பாற்றப்பட்டார்கள். இன்று அந்தச் செய்தியைக் கொண்டுவருவது ஐஸ் பெட்டியோடு நம் வாசலில் நிற்கும் பெண்மணிதான். அவரை உட்காரவைத்து, ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து, கேட்டதைக் கொடுத்தனுப்புங்கள். தயக்கம் இருந்தால் எந்த நேரமும் அறக்கட்டளை அலுவலகத்திற்கு வாருங்கள். இந்த முறை ஜும்ஆவரை காத்திருக்கச் சொல்ல மாட்டேன். கூடவே வருவேன், இன்ஷா அல்லாஹ்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளையும், காஸாவின் பிள்ளைகளையும், உலகத்துப் பிள்ளைகள் அனைவரையும் நோய்களிலிருந்து காத்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்